உப்புக்காற்றில் ஒரு சவரக்கத்தி

மரக்காணத்தில் குடியிருக்கும் ஒருவர், சலூன்களில் ஒருகாலத்தில் இருந்த மடக்குச் சவரக்கத்தி ஒன்றை வாங்கி, தன் முகத்தைத் தானே மழிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கத்தியை எப்படிப் பிடிப்பது, கன்னத்தில் எங்கே தொடங்குவது என்பதெல்லாம் பிறகு. அந்த ஊரில் அவர் முதலில் படிக்க வேண்டியது தண்ணீரை. தாடிமுடியை இளக்குவது தண்ணீர். சோப்பை நுரைக்க விடாமல் கெடுப்பதும் தண்ணீர். வேலை முடிந்த பிறகு கத்தியின் முனையைத் தின்பதும் அதே தண்ணீர். பின்னிரண்டு வேலைகளிலும் அதற்குத் துணை நிற்பது உப்பு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு, மரக்காணம் வந்துவிட்டதைச் சாலையோரத்து உப்புக் குவியல்களே சொல்லிவிடும். தூத்துக்குடி, வேதாரண்யம் போல இதுவும் உப்பு விளையும் கரை. உப்புநீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைப் போமே அளவில் பார்ப்பது வழக்கம். கடல்நீர் சுமார் 3 பாகை இருக்கும். பாத்தியில் வெயில் காயக் காய அது ஏறி, 25 பாகையை ஒட்டி வரும்போது சமையலுப்பு படிகமாக இறங்கத் தொடங்கும். 29, 30 பாகையை எட்டும்போது எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து உப்பு கசக்கும். எவ்வளவு காயவைத்தாலும் கசிந்துகொண்டே கிடக்கும். அந்த மக்னீசியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தியின் கதையில் அது இரண்டு இடங்களில் வருகிறது.

முதலில் முடி. தாடிமுடி நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. அதன் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தலைமுடியைவிடப் பொதுவாக முரடு. நகம், கொம்பு, குளம்பு எல்லாவற்றையும் ஆக்கிய அதே கெரட்டின் புரதம்தான் முடியையும் ஆக்கியிருக்கிறது. இந்தப் புரதச் சரடுகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும் பிணைப்புகளில் இரண்டு வகை முக்கியம். கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு உறுதியானது, தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்புகள் தனித்தனியே வலுவற்றவை. ஆனால் எண்ணிக்கையில் ஏராளம் என்பதால், காய்ந்த முடியின் விறைப்பில் பெரும்பங்கு அவற்றுடையது. தண்ணீர் மூலக்கூறு உள்ளே புகுந்தால் இந்தப் பிணைப்புகளை அவிழ்த்து அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறது. நன்றாக ஊறிய முடி தன் எடையில் 30 விழுக்காடு வரை நீரை வாங்கிக்கொள்ளும். குறுக்களவில் 15 விழுக்காடு வரை பருக்கும். நீளத்திலோ ஓரிரு விழுக்காடுதான் கூடும். அப்படி ஊறிய முடியை அறுக்கத் தேவைப்படும் விசை, காய்ந்த முடிக்குத் தேவைப்படுவதைவிட வெகுவாகக் குறைவு.

இதற்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். முகத்தில் இருக்கும் எண்ணெய்ப் பசை நீரைத் தள்ளும் என்பதால் முதலில் சோப்புப் போட்டு முகம் கழுவி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டைத் தாடையில் ஒற்றி வைத்திருப்பது நல்லது. நல்ல முடிதிருத்துநர் வெறுமனே நுரையைக் குழைத்துக்கொண்டிருப்பதுபோல் நமக்குத் தெரியும் அந்த நேரம் வீணாகும் நேரம் அல்ல. பிரஷைச் சுழற்றச் சுழற்றக் கெரட்டினுக்குள் தண்ணீர் இறங்குகிறது. கற்றுக்கொள்பவர் அவசரப்படும் இடமும் இதுதான். கத்தியில் குறை என்று அவர் நினைக்கும் எரிச்சலில் பாதி, ஊறாத முடியால் வருவது.

இனிச் சோப்பு. கொழுப்பு அமிலத்தின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்புதான் சோப்பு. கால்சியமோ மக்னீசியமோ உள்ள நீரில் அதைக் கரைத்தால், சோடியம் விலகி அவை ஒட்டிக்கொள்கின்றன. அப்படி உண்டாவது நீரில் கரையாது, நுரைக்கவும் செய்யாது. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கசடுதான் அது. ஒரு லிட்டர் கடல்நீரில் கால்சியம் சுமார் 0.4 கிராம், மக்னீசியம் சுமார் 1.3 கிராம். மக்னீசியம் முதல்முறை குறுக்கே வருவது இங்கே. கடலோரக் கிணறுகளில் உவர் ஏறும்போது இந்த இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன.

அவை மட்டும் அல்ல, சமையலுப்பே சோப்புக்கு எதிரி. சோப்புக் காய்ச்சுகிறவர்கள் கடைசிக் கட்டத்தில் கொப்பரைக்குள் உப்பைக் கொட்டுவார்கள். கரைந்திருக்கும் சோப்பு திரண்டு மேலே வந்துவிடும், கிளிசரின் கலந்த நீர் கீழே தங்கிவிடும். உப்பு மிகுந்த நீரில் சோப்பால் கரைந்திருக்க முடியாது என்பதை வைத்துச் செய்யும் வேலை இது. உவர்நீரில் முகத்துக்குச் சோப்புக் குழைக்கிறவர், தன்னை அறியாமல் அதே ஆலைவேலையைத் தன் கிண்ணத்தில் செய்துகொண்டிருக்கிறார். ஆனால் எல்லாச் சோப்பும் ஒரே அளவில் தோற்பதில்லை. தேங்காய் எண்ணெய்யில் குட்டையான சங்கிலி கொண்ட லாரிக் அமிலம் அதிகம். அதிலிருந்து செய்த சோப்பு உப்புநீரிலும் ஓரளவு கரைந்து நுரைக்கும். கப்பல் மாலுமிகள் கடல்நீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பை வைத்திருந்தது இதனால்தான். சவரச் சோப்பிலோ, நுரை முகத்தில் நின்று தங்குவதற்காக ஸ்டியரிக் அமிலத்தின் பொட்டாசிய உப்பை நிறையச் சேர்க்கிறார்கள். நீளச் சங்கிலி கொண்ட அந்த ஸ்டியரேட் உவர்நீரில் சீக்கிரம் தோற்றுவிடும்.

மரக்காணத்துக்காரருக்கு நான் சொல்லக்கூடியது மழைநீர். வானத்திலிருந்து நேரே இறங்கும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகக் குறைவு. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது குடிநீரையும் நிலத்தடி நீரையும்தான் எல்லோரும் பேசினோம். ஒரு குடம் மழைநீரை மூடி வைத்துக்கொண்டால் ஒருவருக்குப் பல வாரச் சவரத்துக்குப் போதும். ஒரு தடவை நுரைக்கக் கால் டம்ளருக்கு மேல் தேவைப்படாது.

முடி ஊறியாயிற்று, நுரை நிற்கிறது. கத்திக்கு வருவோம்.

நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் முனை அரை மைக்ரானைவிட மெல்லியது, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழ். அது வெட்டப்போகும் முடியோ அதைப்போல் இருநூறு மடங்குக்கு மேல் தடித்தது. இவ்வளவு மெல்லிய முனை மடங்காமல் நிற்க வேண்டுமென்றால் எஃகு கடினமாக இருக்க வேண்டும். கடினம் கூடினால் உடையும் குணமும் கூடும். ஒரு விழுக்காட்டை ஒட்டிக் கரிமம் உள்ள இரும்பைச் செந்தழலாகக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால், கரிம அணுக்கள் வெளியேற வழியில்லாமல் இரும்பின் படிக அடுக்குக்குள் சிக்கி அதை விறைக்க வைக்கின்றன. அந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். பிறகு 200 பாகை செல்சியஸை ஒட்டி மெல்லச் சூடேற்றினால் உடையும் குணம் கொஞ்சம் தணியும்.

கரிமம் மிகுந்த எஃகு இந்தக் கரைக்குப் புதிது இல்லை. மரக்காணம் முன்பு இருந்த தென்னார்க்காடு மாவட்டத்தில் மேல்சிறுவலூர் என்ற ஊரில், மூடிய மண்குகைகளில், அதாவது உருக்குக் கலன்களில், எஃகு உருக்கிய தடயங்களை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990-களில் கண்டறிந்து எழுதினார். தென்னிந்தியாவின் அந்தக் குகை எஃகைத்தான் ஐரோப்பியர் ஊட்ஸ் என்று அழைத்தார்கள். 1790-களில் அதன் கட்டிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. லண்டனில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய ஊட்ஸே மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சிட்டார். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே, அதற்குப் பத்தாண்டு முன்னால் இதே ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து ஊட்ஸின் இரகசியத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எஃகுக் கலவைகள் பற்றிய அவர்களுடைய கட்டுரைகள் 1820-இலும் 1822-இலும் வெளிவந்தன. தான் உருக்கிய கலவை எஃகில் சவரக்கத்திகள் செய்து ஃபாரடே நண்பர்களுக்கு அனுப்பியதும் உண்டு.

இதே கரையில் தெற்கே போனால் பரங்கிப்பேட்டை. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அங்கே இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது, காட்டு மரக்கரி. உருக்கிய இரும்பு கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போனது. அங்கே 1839-இல் குகை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு ஹீத் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டின் எஃகு விலை குறைந்ததில் அந்த முறைக்குப் பெரும்பங்கு உண்டு. பலன் அவருக்குக் கிட்டவில்லை, வழக்காடியே ஓய்ந்துபோனார். உலகம் முழுவதும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சவரக்கத்தி அனுப்பிக்கொண்டிருந்த இரண்டு ஊர்களில் ஒன்று ஷெஃபீல்டு, மற்றொன்று ஜெர்மனியின் சோலிங்கன். மரக்கரி தீர்ந்து பரங்கிப்பேட்டை ஆலை படுத்துவிட்டது. எஃகு அறிவு இந்தக் கரையிலிருந்து ஷெஃபீல்டுக்குப் போய், கத்தியாக இங்கே விலைக்குத் திரும்பி வந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

இவ்வளவு கடினமான எஃகை, அதைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படி மழுங்கடிக்கிறது? இந்தக் கேள்விக்கு 2020-இல்தான் தெளிவான விடை கிடைத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெம் டசானின் குழுவில் இருந்த ஜான்லூகா ரோசியோலி, தன் முகத்தையே மழித்து மழித்து, ஒவ்வொரு தடவையும் பிளேடை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முனை தேய்ந்து உருண்டையாகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் கண்டது வேறு. முனை பல இடங்களில் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது. பிறகு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டும் சிறு கருவி ஒன்றைச் செய்து கவனித்தார். முடி வளையாமல் செங்குத்தாக நின்றபோது முனைக்குச் சேதமில்லை. வளைந்து சாய இடம் கிடைத்தபோதுதான் சில்லு பெயர்ந்தது; அதுவும் எஃகின் உள்ளமைப்பு ஒருசீராக இல்லாத இடத்தில், முடியின் ஓரம் வந்து படும்போது. மூன்றும் ஒன்றுகூட வேண்டும். ஆய்வு செய்தது தூக்கியெறியும் ரேசரின் பிளேடை என்றாலும், தோலை இழுத்துப் பிடித்து முடியை நிமிர்த்தி வெட்டு என்று பழைய சலூன்காரர் சொன்னதன் பொருள் இப்போது இன்னும் நன்றாகப் புரிகிறது.

பிளேடைத் தூக்கி எறியலாம். கத்தியைத் தீட்ட வேண்டும். சவரக்கத்தியின் வடிவத்திலேயே அதைத் தீட்டும் வழியும் இருக்கிறது என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. முதுகு 5 மில்லிமீட்டர் தடிப்பு, முதுகிலிருந்து முனை வரை 18 மில்லிமீட்டர் அகலம் என்று கொள்வோம். கல்லில் கத்தியைப் படுக்க வைத்து, முதுகும் முனையும் ஒருசேரப் படும்படி தள்ளினால் முனையில் சுமார் 16 பாகைக் கோணம் தானாக அமையும். கை கோணத்தைக் கணக்கிட வேண்டியதில்லை. முதுகும் முனையும் சேர்ந்தே தேய்வதால் ஆண்டுகள் போனாலும் கோணம் ஏறக்குறைய மாறாது. கல்லில் முனை முன்னே போக வேண்டும். 1000 எண் கல்லில் தொடங்கி 8000, 12000 என்ற மென்கற்கள் வரை போவார்கள். அதன் பிறகு தோல்வார். வாரில் முதுகு முன்னே போக வேண்டும்; மாற்றிப் போட்டால் வார் அறுந்துபோகும், முனையும் சுருண்டுவிடும். வார் எஃகை அதிகம் தேய்ப்பதில்லை. கல் விட்டுப்போன மெல்லிய இழையை நீவி நேராக்கி மெருகேற்றுகிறது. ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் வார் வேண்டும், கல் சில மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆகவே புதியவர் கத்தியைத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கல்லில் தீட்டி வாங்கிக்கொண்டு, வாரை மட்டும் முதலில் பழகலாம்.

இனி முகம். தோலோடு ஏறக்குறைய 30 பாகை சாய்வில் கத்தியை வைக்க வேண்டும். அதைவிடப் படுத்தால் முடியைப் பிடுங்கும், நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும். முடி சாய்ந்திருக்கும் போக்கிலேயே இழுப்பு இருக்க வேண்டும். கன்னத்தில் அது பெரும்பாலும் கீழ்நோக்கிப் போகும். கழுத்தில் ஆளுக்கு ஆள் சுழியும். விரலால் தடவிப் பார்த்து முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சில வாரம் இரண்டு கன்னம் மட்டும் போதும், மிச்சத்தை வழக்கமான ரேசரால் முடித்துக்கொள்ளலாம். மோவாயும் மேலுதடும் கடைசிப் பாடங்கள். இவற்றையெல்லாம்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. முனையின் நீளவாக்கில் கத்தியை ஒருபோதும் நகர்த்தக் கூடாது.

பழுத்த தக்காளியைக் கத்தியால் நேரே அழுத்தினால் நசுங்கும். இலேசாக இழுத்தால் தோல் பிளந்துவிடும். தோலுக்கும் அதேதான். இதன் இயற்பியலைச் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனும் அவருடைய குழுவினரும் 2012-இல் விளக்கினார்கள். மென்மையான ஜெல்லை நேரே அழுத்தி வெட்ட வேண்டுமானால் அதை வெகுவாக அமுக்கி உருக்குலைக்க வேண்டியிருக்கிறது. அழுத்தத்தோடு பக்கவாட்டு இழுப்பும் சேர்ந்தால், மிகக் குறைந்த அழுத்தத்திலேயே பிளவு தொடங்கிவிடுகிறது. சவரக்கத்தி முனைக்குச் செங்குத்தான திசையில் நகரும்போது தோல் அமுங்கி வழிவிடுகிறது, விறைத்து நிற்கும் முடி வழிவிடாமல் அறுபடுகிறது. முனை ஓர் அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் வழுக்கினாலும் தோலும் அறுபடும். கத்தியை முகத்தில் வைக்கும்போதும் எடுக்கும்போதும்தான் இந்த வழுக்கல் நேர்கிறது. ஊதிய பலூனில் நுரை தடவி வழித்துப் பழகுவது இந்த இரண்டு கணங்களுக்கான பயிற்சி.

கீறல் பட்டால் படிகாரம். அலுமினியமும் பொட்டாசியமும் சேர்ந்த சல்பேட்டுப் படிகம் அது. ஈரத்தில் தேய்த்தால் காயத்தின் மேற்பரப்பில் உள்ள புரதத்தை உறையச் செய்து, சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கசிவை நிறுத்துகிறது. இதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் வெறும் சவரத் தொழிலாளிகளாக இருக்கவில்லை. நம் ஊர்களில் கட்டி கீறியதும் புண்ணுக்கு மருந்து வைத்ததும் இந்தக் கத்தியைப் பிடித்த கைகள்தான். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். எஃகும் நீரும் தோலும் அறிந்த ஒரு சமூகத்தை ஊர் எல்லையில் நிறுத்தி வைத்தது நாம் செய்த அநீதி.

அந்த அறிவின் ஒரு பகுதி சமீபத்தில் நின்றுபோனதற்குக் காரணம் நோய். 1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் சலூன்களில் தீட்டும் கத்தி மறைந்து, பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் கத்தி வந்தது. அது சரியான மாற்றம். கத்தி வழியாகப் பரவுவதில் எச்.ஐ.வி.யைவிட ஹெப்பட்டைட்டிஸ் பி ஆபத்தானது. அந்த வைரஸ் காய்ந்த இரத்தத்தில் குறைந்தது ஒரு வாரம் உயிர்ப்போடு இருக்கும். தீட்டும் கத்தி இன்று ஒருவருக்கு மட்டும் சொந்தமான கத்தியாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் இன்னொருவரோடு பகிர்வதும் கூடாது.

சவரம் முடிந்தது. மரக்காணத்தில் கத்தியின் சோதனை இப்போதுதான் தொடங்குகிறது. அலை உடையும்போது வெடிக்கும் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகளைக் காற்றில் எறிகின்றன, பிற்பகல் கடற்காற்று அவற்றை ஊருக்குள் கொண்டுவருகிறது. எஃகின் மேல் படிந்த உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். மக்னீசியம் இரண்டாம் முறை வருவது இங்கே. நம் கடற்கரையில் ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே கடற்காற்று பட்ட எஃகு, கண்ணுக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும், மெல்லிய உப்புநீர்ப் படலத்துக்குள்தான் இருக்கிறது. அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தும், குளோரைடு இரும்பின் காப்புப் படலத்தை உடைக்கும், துரு புள்ளி புள்ளியாகக் குழி தோண்டும். கத்தியின் முதுகில் ஒரு மைக்ரான் குழி ஒன்றுமே இல்லை. அரை மைக்ரான் முனையில் அது முழு இழப்பு. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் தனியாக ஒரு நிலையம் வைத்து உலோகங்கள் கடற்காற்றில் அரிப்பதை ஆராய்ந்துவருவது, இந்தக் கரை இரும்புக்கு எவ்வளவு கொடியது என்பதற்குச் சாட்சி. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 12.8 விழுக்காடு குரோமியம் சேர்த்து உருக்கிய துருப்பிடிக்காத எஃகு இதற்கு ஓரளவு விடை. ஆனால் அதிலும் குளோரைடு குழி விழச் செய்யும்.

கத்தியை மழைநீரில் அலசி, முதுகிலிருந்து முனையை நோக்கித் துணியால் துடைத்து, பிடியின் ஆணி இருக்கும் இடுக்கைக் காற்றாட விட்டு, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். குளியலறையில் வைக்கக் கூடாது. கடலைப் பார்த்த சன்னலோரமும் வேண்டாம். ஐப்பசியில் மழை இறங்கி உப்பளப் பாத்திகள் மூழ்கிய பிறகு, தை மாசியில் வேலை மறுபடி தொடங்கும் வரை, காற்று பகலிலும் காயாது. அந்த மாதங்களில் கத்தியைப் பயன்படுத்தாவிட்டாலும் வாரம் ஒருமுறை திறந்து, பழைய எண்ணெய்யைத் துடைத்துப் புது எண்ணெய் இட வேண்டும். ஆணிக்குப் பக்கத்தில் செம்பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அன்றைக்கே தேய்த்து எடுத்துவிடலாம். முனைக்கு வந்துவிட்டால் 1000 எண் கல்லிலிருந்து மறுபடி தீட்டி ஏற வேண்டும்.